ஐந்தாண்டுகளாக எங்கள் வீட்டில் ‘ஹில்டா’

‘ஹில்டா’ அனிமேஷன் தொடரை என் மகளுடன் சேர்ந்து பார்க்கத் தொடங்கியபோது அவளுக்கு 6 வயது, இப்போது 11. இடையில் முதல் இரண்டு சீசன்களை மூன்று முறையும், திரைப்படத்தையும் மூன்றாம் சீசனையும் இரண்டு முறையும் முழுமையாகப் பார்த்துவிட்டோம். தொடருக்கு மூலமான லூக் பியர்சனின் கிராஃபிக் நாவல்கள் ஆறும் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. ஒரு குழந்தை வளரும்போது அவளுடன் சேர்ந்து ஒரு தொடர் எப்படி மாறித் தெரிகிறது என்பதை எழுத வேண்டுமென்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

கதை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீலத் தலைமுடியும் மஞ்சள் கழுத்துத்துணியும் சிவப்புப் பூட்ஸுமாக மலைவெளியில் அம்மாவுடன் தனித்து வாழும் சிறுமி ஹில்டா, சூழ்நிலையால் மதில் சூழ்ந்த ட்ரோல்பெர்க் நகருக்குக் குடிபெயர்கிறாள். அவளைச் சுற்றியுள்ள உயிர்கள் பெரும்பாலும் ஸ்காண்டிநேவிய நாட்டார் கதைகளிலிருந்து வந்தவை: வெயில் பட்டால் கல்லாகிவிடும் ட்ரோல்கள், வீட்டின் மூலைமுடுக்குகளில் குடியிருக்கும் நிஸ்ஸேக்கள், கெட்ட கனவுகளைக் கொண்டுவரும் மாராக்கள். முதல் புத்தகம் 2010-இல் வந்தது. தொடர் 2018 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கி 2023 டிசம்பரில் நிறைவுற்றது.

முதல் இரண்டு அத்தியாயங்களை நான் புரிந்துகொண்டது இரண்டாம் சுற்றில்தான். ஹில்டாவின் வீட்டைக் காலி செய்யச் சொல்லி, கண்ணுக்குத் தெரியாத குட்டி எல்ஃப்கள் கடிதம் அனுப்புகிறார்கள், கல்லெறிகிறார்கள். அவர்களைக் காண வேண்டுமானால் உரிய படிவங்களில் கையெழுத்திட்டாக வேண்டும் என்பது அவர்கள் உலகத்துச் சட்டம். கையெழுத்திட்ட பிறகுதான், தாங்கள் இத்தனை காலமும் அவர்களுடைய ஊரின் நடுவே நடமாடியிருக்கிறோம் என்பது ஹில்டாவுக்குத் தெரிகிறது. அவள் சமாதானம் பேசி முடிக்கும் தறுவாயில், மலையென்று எல்லோரும் நினைத்திருந்த ராட்சத உருவம் ஒன்று எழுந்து நடக்க, அதன் காலடியில் ஹில்டாவின் வீடு நொறுங்கிப்போகிறது. அதற்கு அவள்மீது பகையில்லை; அவள் அங்கே இருப்பதே அதற்குத் தெரியாது. எல்ஃப்களுக்கு ஹில்டா எப்படியோ அப்படித்தான் ஹில்டாவுக்கு அந்த ராட்சத உருவம். முதல் முறை பார்த்தபோது இதை வெறும் விபத்தாகக் கடந்துவிட்டேன். மறுமுறை, “அவளும் அப்படித்தானே மிதிச்சா” என்று என் மகள் சொன்ன பிறகுதான் என் கண்ணில் பட்டது. வாய்விட்டு ஒரு பாடமும் சொல்லாமல் கதையின் அமைப்பிலேயே இத்தனை பெரிய கருத்தை வைத்திருக்கும் சிறுவர் தொடர் வேறொன்றை நான் இதுவரை பார்க்கவில்லை.

பயம் பற்றிப் பெற்றோர் பலரும் கேட்பார்கள். எங்கள் அனுபவத்தில், 6 வயதில் கெட்ட கனவு அத்தியாயமும் கறுப்பு வேட்டைநாய் வரும் அத்தியாயமும் அவளை நன்றாகவே அச்சுறுத்தின. இரண்டு இரவுகள் விளக்கை அணைக்க விடவில்லை. ஆனால் தொடர் பயத்தைக் கிளப்பிவிட்டு அப்படியே விட்டுவிடுவதில்லை. அந்த உயிர் எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன வேண்டும் என்று ஹில்டா கேட்டுக்கொண்டே போகிறாள். விடை கிடைக்கும்போது பயம் பெரும்பாலும் இரக்கமாக மாறியிருக்கிறது. ஆகவே நடுவில் நிறுத்தாமல், ஓர் அத்தியாயத்தைத் தொடங்கினால் முடித்துவிட்டே உறங்கச் செல்வது என்று வழக்கப்படுத்திக்கொண்டோம். ஓர் அத்தியாயம் அரை மணி நேரத்துக்கும் குறைவு என்பதால் அது சிரமமாக இல்லை.

நட்பைக் கையாண்ட விதமும் எங்களுக்கு உதவியிருக்கிறது. முதல் சீசனின் நடுவில், நகரத்தில் கிடைத்த தோழி ஃப்ரிடாவுக்கும் ஹில்டாவுக்கும் ஏற்படும் மனத்தாங்கல் அதே அத்தியாயத்தில் தீர்ந்துவிடுவதில்லை. சில அத்தியாயங்கள் ஃப்ரிடா விலகியே இருக்கிறாள். என் மகளின் பள்ளித் தோழி ஒருத்தி பேசாமல் இருந்த வாரங்களில், மகள் தானாகவே அந்த அத்தியாயங்களைத் தேடிப் போட்டுப் பார்த்தாள். நான் எதுவும் கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப்படுவது அம்மா ஜொஹானாவின் பாத்திரம். சிறுவர் சாகசக் கதைகளில் பெற்றோர் ஒன்று இறந்துவிடுவார்கள், அல்லது எதுவும் தெரியாதவர்களாக இருப்பார்கள். ஜொஹானா வீட்டிலேயே வரைபலகையில் வேலை பார்ப்பவள். மகளை நம்புகிறாள், கவலைப்படுகிறாள், சோர்ந்துபோகிறாள். இரண்டாம் சீசன் முழுவதும் ஹில்டா சொல்லும் சிறு சிறு பொய்கள் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் இருவருக்குமிடையே ஒரு பெருஞ்சண்டையாக வெடிக்கின்றன. சண்டையின் நடுவே இருவரும் எங்கே போய் விழுகிறார்கள் என்பதைச் சொல்ல மாட்டேன். முதல் முறை பார்த்தபோது என் மகள் முழுக்க ஹில்டாவின் பக்கம் நின்று, அந்த அம்மாவின்மேல் கோபப்பட்டாள். சென்ற முறை அதே காட்சியில் படத்தை நிறுத்திவிட்டு, “அவங்க அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டாங்க, இல்லம்மா?” என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

படங்களின் வண்ணங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கண்ணைப் பறிக்கும் நிறங்களுக்கு மாறாக, மங்கிய செம்மையும் நீலப்பச்சையும் சாம்பலும் கலந்த ஓர் அந்திப்பொழுதின் நிறத்தில்தான் தொடரின் பெரும்பகுதி நகர்கிறது. புத்தகங்களின் சாயலும் அதுதான். ஆனால் புத்தகத்தில் சொல்லற்ற கட்டங்கள் நிறைய உண்டு. தொடர் அவற்றை உரையாடலால் நிரப்பியிருக்கிறது. அதே நேரம், புத்தகங்களில் ஓரமாக வந்துபோகும் ஃப்ரிடாவையும் ஹில்டாவின் இன்னொரு நண்பன் டேவிடையும் தொடர் முழு மனிதர்களாக வளர்த்தெடுத்திருக்கிறது. பயந்தாங்கொள்ளி டேவிட் ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே கூட வருவது என் மகளுக்கு மிகவும் பிடித்த விஷயம்.

குறைகளும் உண்டு. இரண்டாம் சீசனில் வரும் பாதுகாப்புப் படைத் தலைவர் எரிக் ஆல்பெர்க் நெடுநேரம் தற்பெருமைக்காரராக மட்டுமே வருகிறார். மற்ற எல்லா உயிர்களுக்கும் கிடைக்கும் பரிவு அவருக்கு மிகத் தாமதமாகத்தான் கிடைக்கிறது. முதல் இரண்டு சீசன்களுக்கும் தலா 13 அத்தியாயங்கள் இருக்க, மூன்றாவதற்கு 8 மட்டுமே. புத்தகங்களைக் கடந்து புதிதாக எழுதப்பட்ட அந்தக் கதையில் ஹில்டாவின் அப்பா வருகிறார். இனிமையாகப் பேசி, சொன்ன சொல்லைக் காப்பாற்றாத ஒரு தந்தையைக் காட்டத் துணிந்ததைப் பாராட்டுகிறேன். ஆனால் அவருக்கு இன்னும் இரண்டு அத்தியாயங்களாவது கொடுத்திருக்க வேண்டும். கடைசி அத்தியாயம் மட்டும் மற்றவற்றைவிட வெகு நீளமானது என்பதால் அதை விடுமுறை நாளுக்கு ஒதுக்குங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பார்க்கும் வரிசையில் கவனமாக இருக்க வேண்டும். இரண்டாம் சீசன் முடிந்ததும் நேரே மூன்றாவதற்குப் போய்விடக் கூடாது. 2021 டிசம்பரில் வந்த, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான ‘ஹில்டா அண்ட் த மவுண்டன் கிங்’ திரைப்படம் இடையில் வருகிறது. இரண்டாம் சீசனின் கடைசி நொடியில் விழும் முடிச்சு அதில்தான் அவிழ்கிறது. அந்த நொடியைப் பார்த்த இரவில் எந்தக் குழந்தையும் மறுநாள்வரை காத்திருக்காது. எனவே இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும்படி திட்டமிட்டுக்கொள்ளுங்கள். அந்தப் படத்துக்கு மூலமான ஆறாவது புத்தகத்தையும் அதற்குப் பிறகே குழந்தையின் கையில் கொடுங்கள். நாங்கள் வரிசை மாறி, புத்தகத்தை முதலில் கொடுத்துவிட்டோம். படம் ஓடிய நேரமெல்லாம் அடுத்து நடக்கப்போவதை என் மகள் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.