வடிகட்டி வராத கிட்: பழைய ஒட்சிசன் ரெகுலேட்டருக்கு உள்பாகங்கள் மாற்றிய அனுபவம்

வத்தளையில் ஒட்டு வேலைத்தளம் திறக்கவிருக்கும் நண்பர் ஒருவர், பாவித்த ஒட்சிசன் ரெகுலேட்டர் (சிலிண்டரின் உயர் அழுத்தத்தை வேலைக்கேற்ற அளவுக்குக் குறைத்துத் தரும் கருவி) ஒன்று மலிவாகக் கிடைக்கிறதென்றும், அதற்கு மாற்று உள்பாகங்கள் அடங்கிய ரிப்பேர் கிட் ஒன்றைப் போட்டு எடுத்தால் போதுமா என்றும் கேட்டிருந்தார். கிராண்ட்பாஸில் கேட் வேலையும் லொறி பொடி வேலையும் செய்யும் எங்கள் பட்டறையில் பல வருடங்களாக ஓடும், அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் ஒற்றைப்படி ரெகுலேட்டருக்கு அதே வேலையைத்தான் செய்தோம். அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களைப் படுத்தியது முள் ஊர்தல்தான். வாயுச் சுவாலையால் இரும்பு வெட்டும் கட்டரின் வால்வுகளை மூடிவிட்டு, 2 பாரில் (பார் என்பது அழுத்த அலகு) நிறுத்திய வெளியழுத்த மானியைப் பார்த்தால் முள் அசையாமல் நிற்க வேண்டும். எங்களுடையது நிற்கவில்லை. ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் 3 ஐத் தாண்டி, அதற்கு மேலும் மெதுவாக ஏறிக்கொண்டே போனது. வேலை நடக்கும்போது இது தெரியாது. வாயு வெளியேறிக்கொண்டிருப்பதால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தோன்றும். வேலையை நிறுத்திவிட்டு மறுபடி கட்டரைத் திறக்கும் கணத்தில்தான் சுவாலை குதிக்கும், வெட்டு கோணலாகும், பிழை கட்டர் பிடித்த பையன் தலையில் விழும்.

இந்த நோய்க்கு டயபிரத்தை, அதாவது அழுத்தத்துக்கேற்ப வளைந்து வால்வை அசைக்கும் மெல்லிய தகட்டை, குற்றம் சொல்பவர்கள் அதிகம். டயபிரம் கிழிந்தால் அடையாளமே வேறு: மூடியிலுள்ள சிறு துளைகளில் சவர்க்காரத் தண்ணீர் வைத்தால் நுரை பொங்கும். சிலிண்டர் காலியாகும்போது ஒற்றைப்படி ரெகுலேட்டரில் வெளியழுத்தம் கொஞ்சம் ஏறுவதும் இயல்புதான், ஏனென்றால் வால்வை மூடுவதற்கு உதவிய சிலிண்டர் அழுத்தம் குறைந்துவிடுகிறது. அந்த ஏற்றம் ஒரு நாள் முழுக்கப் பரவி வரும். கட்டரை மூடிய பிறகு சில நிமிடங்களில் முள் ஏறினால், சீட் (வால்வை மூடும் சிறிய அடைப்புத் துண்டு) தேய்ந்துவிட்டது அல்லது அதில் ஏதோ ஏறியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். நுழைவாய் பக்கத்தில் ஏறத்தாழ 150 பார், வெளிப்பக்கத்தில் 2 அல்லது 3 பார். இந்த இரண்டுக்கும் இடையில் நிற்பது, பித்தளை நொசிலின் கூரிய விளிம்பில் அழுந்தி மூடும், விரல் நகத்தைவிடச் சிறிய அந்தச் சீட் ஒன்றுதான்.

பஞ்சிகாவத்தைப் பக்கம் இந்த வேலையைச் செய்யும் பாஸ் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் அதைக் கழற்றிக் காட்டியபோது, சீட்டின் வெள்ளை முகத்தில் நொசில் விளிம்பு பதிந்த வட்டப் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. பள்ளத்தின் ஓரிடத்தில் மணலைவிடச் சிறிய பித்தளைத் துணிக்கை ஒன்று குத்தி நின்றது. அதன் பக்கத்தில், யாரோ எப்போதோ மரையில் சுற்றிய வெள்ளை டேப்பின் நூல் ஒன்று ஒட்டியிருந்தது. சிலிண்டர் இணைப்பில் டேப் சுற்றவே கூடாது. அந்த இணைப்பு உலோகத்தோடு உலோகம் அழுந்தியோ தனக்கென வரும் வளையத்தைக் கொண்டோதான் மூட வேண்டும்.

இவற்றை உள்ளே வராமல் தடுப்பதற்கென்றே நுழைவாயில் விரலுறை வடிவத்தில் ஒரு வெண்கல வடிகட்டி இருக்கிறது. எங்களுடையதன் அடிப்பகுதி பிளந்திருந்தது. கிட்டைப் பிரித்தால், நன்றாகவே இருந்த டயபிரத்துக்கு மாற்று டயபிரம், தண்டோடு சீட், சிறிய ஸ்பிரிங், வளையங்கள் என்று எல்லாம் இருந்தன. வடிகட்டி மட்டும் இல்லை. தேயாததற்கு மாற்று தருகிறார்கள், சீட்டைத் தேய வைத்ததற்குத் தருவதில்லை. இதை யோசித்துக் கிட் தயாரித்த மனிதர் ஒருநாளாவது கட்டர் பிடித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

"பழசையே போடுவம், காத்துப் போகுதுதானே" என்றார் பாஸ். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சிலிண்டர் வால்வைத் திறந்த கணத்தில் ஒட்சிசன் பாய்ந்து வந்து நுழைவாயில் நெருக்கப்படும்போது வெப்பம் கடுமையாக உயர்கிறது. அந்த வேகத்தில் வந்து மோதும் உலோகத் துணிக்கையும் எண்ணெய்ப் பசையும் அங்கேயே தீப்பிடிக்கக்கூடியவை. வடிகட்டி சீட்டுக்கு மட்டுமான காவல் அல்ல, முன்னால் நிற்பவன் முகத்துக்குமானது. பழைய சோனகத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியும் பொருந்தும் வடிகட்டி அகப்படவில்லை. கடைசியில் இறக்குமதி செய்யும் ஒருவரிடம் சொல்லிவைத்தோம். அது வந்து சேரும் வரை, காசு கொடுத்து வாங்கிய கிட் அலமாரியில் தூங்கியது. இத்தனைக்கும் 2022 இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 ஐத் தாண்டிப் போன காலத்தில், கிட் என்ற பேச்சே கடைகளில் இல்லாமல் போய், ஒரு ரெகுலேட்டரை உடைத்து இன்னொன்றை வாழவைத்தவர்கள் நாங்கள்.

வேலையைப் பற்றிக் குறை சொன்னால் நியாயமாகாது. பாஸ் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். மரைகளுக்கு எண்ணெயோ கிறீஸோ காட்டவில்லை. தூசியை நைதரசன் கொண்டு ஊதினார். கொம்பிரசர் காற்றில் எண்ணெய் ஆவி கலந்து வரும் என்பதைச் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்தார். கூட்டிய பிறகு மானியின் முள் அறைந்து வைத்ததுபோல நிற்கிறது. இரவு பூட்டும்போது அழுத்தத்தை ஏற்றி இறக்கும் திருகியைத் தளர்த்திவிட்டுப் போனால் காலையிலும் குறையில்லை. சந்தையில் கிடைக்கும் போலிக் கிட்டின் சீட் எங்களுக்கு ஒரு மழைக்காலம் தாண்டவில்லை. அசல் சீட் இதுவரை சலிக்கவில்லை. செலவும் புதியதின் விலையில் ஐந்தில் ஒன்றுக்கு மேலே போகவில்லை.

ஒட்சிசனோடு சேர்த்து எரிக்கும் அசற்றிலீன் வாயுவின் பக்கத்தில் இவ்வளவு தொல்லை வரவில்லை. நிறைந்த சிலிண்டரிலும் அழுத்தம் 15, 18 பார் அளவுதான் என்பதால் சீட் மெதுவாகவே தேய்கிறது. ஆனால் அங்கே முள் ஊர்ந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. வெளியழுத்தம் 1 பாரைத் தாண்டினால், காற்றோ நெருப்போ இல்லாமலே சிதைந்து வெடிக்கக்கூடிய வாயு அது.

இவ்வளவையும் புகழ்ந்துவிட்டு நண்பருக்கு நான் சொன்ன பதில்: அந்தப் பழையதை வாங்க வேண்டாம், கிட்டும் வேண்டாம். பிரித்தானிய வாயுத் துறையின் நடைமுறை விதிகள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ரெகுலேட்டரை மாற்றவோ முழுமையாகப் புதுப்பிக்கவோ சொல்கின்றன. பாவித்த பொருளுக்கு அந்தக் கணக்கை எங்கே தொடங்குவது? எங்களுடையது இப்போது நன்றாக ஓடுகிறது, இருந்தும் அடுத்த முறை முள் ஊர்ந்தால் நானும் புதியதுதான் வாங்குவேன். வடிகட்டி தேடிக் கொழும்பு வெயிலில் இன்னொரு தடவை அலைவதற்கு எனக்குப் பொறுமை இல்லை. புதியது வாங்கும்போதும் கடையில் நின்றே நுழைவாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்க்கும்படி அவரிடம் சொன்னேன். பழுப்பு நிறத்தில், சொரசொரப்பாக வடிகட்டி தெரிந்தால் மட்டும் காசைக் கொடுக்கலாம்.