1965 கார்வேர்: 500, மான்சா, கோர்ஸா – எதை வாங்கலாம்?

எஞ்சின் பின்னால் இருக்கும் பழைய அமெரிக்க கார் செவ்ரோலே கார்வேர் ஒன்று வாங்கும் ஆசை இருந்தால் 1965 வண்டியிலிருந்து தேட ஆரம்பியுங்கள். 1960 முதல் 63 வரை வந்தவற்றில் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஊசலாடும் அச்சு. வேகமாகத் திரும்பினால் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கும். அதற்காக முன் டயரில் 15 பவுண்டு, பின் டயரில் 26 பவுண்டு காற்று வைக்கச் சொன்னது கம்பெனி. நாலு டயருக்கும் ஒரே அளவு அடித்தால் போச்சு. நுகர்வோர் பாதுகாப்புக்காகப் போராடிய ரால்ஃப் நேடர் தன் புத்தகத்தில் சாடியது இந்த வண்டிகளைத்தான். 1965இல் பின் சஸ்பென்ஷனையே மாற்றிவிட்டார்கள். விலை குறைந்த 500 என்ற ரகத்துக்கும் அதேதான், உச்சியில் இருந்த கோர்ஸாவுக்கும் அதேதான்.

அப்புறம் என்ன வித்தியாசம்? 500இல் முன்னால் நீள பெஞ்ச் சீட்; கூரையை மடக்கித் திறக்கும் கன்வெர்ட்டிபிள் கிடையாது. மான்சாவில் தனித்தனி பக்கெட் சீட், நல்ல உள் அலங்காரம், கன்வெர்ட்டிபிளும் உண்டு. இரண்டிலும் அடிப்படை எஞ்சின் 95 குதிரைத்திறன். கூடுதல் பணம் கட்டினால் 110 அல்லது 140. கோர்ஸாவில் 140தான் ஆரம்பமே. 180 குதிரைத்திறன் தரும் டர்போ வேண்டுமென்றால் கோர்ஸா மட்டும்தான் வழி. ஆனால் அதில் ஆட்டோமேட்டிக் கியர் கிடையாது, நாலு கதவு வண்டியும் கிடையாது.

கோர்ஸாவின் அழகு அதன் டேஷ்போர்டில் இருக்கிறது. ஆர்பிஎம் மீட்டர், சிலிண்டர் ஹெட் வெப்பம் காட்டும் மீட்டர், கடிகாரம் என்று வரிசையாக வட்டங்கள். இது காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால் அந்த வெப்ப மீட்டருக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. ஃபேன் எஞ்சினின் தலைமேல் படுத்த வாக்கில் சுற்றும். பெல்ட் செங்குத்தான புல்லியிலிருந்து முறுக்கிக்கொண்டு மேலே ஏறி அதைச் சுழற்றும். பெல்ட் அறுந்தால் ஃபேனும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரும் ஒன்றாக நிற்கும். அப்போது எரிகிற சிவப்பு விளக்கு எல்லா கார்வேரிலும் உண்டு. அதைப் பார்த்ததும் உடனே ஓரம் கட்டிவிட வேண்டும்.

140 எஞ்சினில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் நாலு. சாதாரண ஓட்டத்துக்கு இரண்டு போதும். ஆக்ஸிலரேட்டரை ஆழமாக மிதித்தால்தான் மற்ற இரண்டும் திறக்கும். சரியாக ட்யூன் செய்தால் அருமையாக இழுக்கும். ஆனால் நாலையும் ஒத்துப்போக வைக்கப் பொறுமையான மெக்கானிக் வேண்டும். இதன் ஹெட்டில் வால்வு பெரியது; அளவுக்கு மீறிச் சூடானால் வால்வு அமரும் வளையமான வால்வு சீட் கழன்று விழும் பழக்கமும் உண்டு. டர்போ இன்னும் செல்லம் கேட்கும்: கீழ் ஆர்பிஎம்மில் மந்தம், மேலே போனால்தான் விறுவிறுப்பு.

என் தேர்வு 110 எஞ்சின் போட்ட மான்சா, நாலு கியர் மேனுவல். இரண்டே கார்புரேட்டர், தினமும் ஓட்டலாம். மீட்டர்களில் மனம் போனவர்கள் கோர்ஸாவையே வாங்கட்டும், தப்பில்லை. 1966உடன் அது நின்றுபோனதால் தேடிப் பிடிக்க வேண்டும். கையில் காசு குறைவென்றால் 500ஐத் தயங்காமல் எடுக்கலாம், ரோட்டில் அதுவும் அதே மாதிரிதான் வளையும்.

எதை வாங்கினாலும் குனிந்து எஞ்சினுக்கு அடியில் பாருங்கள். வால்வுகளை இயக்கும் புஷ்ராட் கம்பிகள் செல்லும் குழாய்களின் 24 ஓ-ரிங்குகளும் (ரப்பர் வளையங்கள்) காய்ந்து எண்ணெய் கசியும். சூடு தாங்கும் வைட்டான் ரப்பர் ஓ-ரிங் மாற்றியிருக்கிறார்களா என்று விற்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.