ஏழடி கிறிஸ்துமஸ் மரம் என்று சொல்லி 6,450 ரூபாய் வாங்கிவிட்டு ஏமாற்றினார்கள், யாரும் மாட்டிக்கொள்ளாதீர்கள்

ஆன்லைனில் மரம் விற்றவர்கள் நேற்று மதியம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். கொஞ்சம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று வீட்டுக்காரர் போனில் சொன்னார். என்னால் முடியவில்லை. இன்று காலையிலும் அதே மரத்தின் வீடியோ அவர்களுடைய ஆன்லைன் பக்கத்தில் ஓடுகிறது, கீழே வரிசையாக ஆட்கள் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது இதைப் படிக்கட்டும்.

எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டம் மேல்புறம் பக்கம். களியக்காவிளை தாண்டினால் கேரளம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் போய்ச் சாமான் வாங்குவது எங்களுக்குப் புதிதல்ல, மலையாளமும் அன்னியமல்ல. அதனால்தான் விற்றவர் மலையாளத்தில் பேசியபோது எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து மரம் என்றால் காற்றாடி, அதாவது சவுக்குக் கொம்புதான். அப்பா வெட்டிக்கொண்டு வருவார். பழைய பெயின்ட் டப்பாவில் மணல் நிரப்பி நட்டு, டப்பாவைச் சுற்றி வர்ணத்தாள் ஒட்டுவோம். பனி மாதிரி பஞ்சைப் பிய்த்து வைப்போம். ஒரே ஒரு சீரியல் செட் உண்டு. அதில் ஒரு பல்பு போனால் மொத்தமும் அணைந்துவிடும். அப்பா நடுராத்திரி வரை உட்கார்ந்து பல்பு பல்பாக மாற்றிப் பார்ப்பார். நாலு நாளில் கொம்பு காய்ந்து, தரையெல்லாம் ஊசி ஊசியாகக் கொட்டும். அது போதும் என்றுதான் இத்தனை வருடமும் இருந்தேன்.

இந்த வருடம் மாமி விழுந்து இடுப்பு எலும்பு ஒடிந்து கட்டிலில் இருக்கிறார். 24-ஆம் தேதி ராத்திரிப் பூசைக்கு வர முடியாது, கோயில் குடிலையும் பார்க்க முடியாது. "எனக்குக் கட்டில்ல கெடந்து பாக்குற மாதிரி ஒரு மரம் வச்சுத் தா மக்களே" என்றார். மூன்று ராஜாக்கள் திருநாள், ஜனவரி 6 வரை நிற்க வேண்டும் என்றால் காற்றாடிக் கொம்பு தாங்காது. பிளாஸ்டிக் மரம் வாங்கினால் வருடா வருடம் எடுத்து வைக்கலாம் என்று நினைத்தேன். கரோல் பிள்ளைகளுக்குச் சம்மனசு (தேவதூதர்) உடுப்பு தைத்த கூலி கையில் இருந்தது. அந்தப் பணம்தான் போனது. 6,450 ரூபாய்.

ரீல்ஸ் பார்க்கும் ஒரு ஆப்பில்தான் அந்தப் பக்கம் வந்தது. அலங்காரச் சாமான் மட்டும் விற்பவர்கள். ஏழடி மரம், 1,200 கிளை நுனி, இரும்பு ஸ்டாண்ட், நூறு உருண்டை, உச்சி நட்சத்திரம், இரண்டு எல்இடி சீரியல், எல்லாம் சேர்த்து 6,450. வீடியோவில் ஒருவர் மரத்துக்குப் பக்கத்தில் நின்று காட்டினார், அவர் தலைக்கு மேலே மரம் நின்றது. விலை கேட்டு எழுதினேன். உடனே ஒரு குரல் பதிவு வந்தது. முதல் வார்த்தையே "ஈசோ மிசிஹாய்க்கு ஸ்துதியாயிரிக்கட்டே", இயேசு கிறிஸ்துவுக்குத் தோத்திரம் என்று. அப்புறம் "சேச்சி பேடிக்கண்டா, நம்முடே வீட்டிலேக்கு அயக்குன்ன போலே அயக்காம்" என்றார், அக்கா பயப்படாதீங்க, நம்ம வீட்டுக்கு அனுப்புற மாதிரி அனுப்புறேன் என்று. மாமிக்கு உடம்பு சரியில்லாததைச் சொன்னேன். "அம்மச்சிக்கு வேண்டி ஞான் பிரார்த்திக்காம்" (அம்மாவுக்காக நான் ஜெபிக்கிறேன்) என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். மாமியிடமும் அந்தக் குரலைப் போட்டுக் காட்டினேன். அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். இதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. கடவுள் பெயரைச் சொல்லித்தான் என்னிடம் வாங்கினார்.

நவம்பர் 28-ஆம் தேதி முன்பணம் 2,000 அனுப்பினேன். மறுநாள் பார்சல் கட்டியாகிவிட்டது என்று ஒரு பெட்டியின் படம் காட்டி மீதி 4,450-ம் வாங்கினார். பொருள் வந்த பிறகு மீதியைத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "தமிழ்நாட்டிலேக்கு அது பற்றில்லா சேச்சி" (தமிழ்நாட்டுக்கு அது முடியாது அக்கா) என்றார். சரி என்று அனுப்பிவிட்டேன். அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

ஐந்து நாள் என்றார், பதினோராம் நாள் கொரியர் அலுவலகத்திலிருந்து போன். ஆட்டோவில் போய் எடுத்தேன். பெட்டியை ஒரு கையால் தூக்க முடிந்தது. ஏழடி மரம், இரும்பு ஸ்டாண்டோடு, ஒரு கையில் வருமா? ஆனாலும் பிள்ளைகள் குதித்த குதியில் எனக்குத் தோன்றவில்லை. மகள் தையல் வெட்டுத் துணியில் பதினெட்டு நட்சத்திரம் வெட்டி நூல் கோத்து வைத்திருந்தாள். மகன் குடிலுக்கு நெல் முளைக்க வைத்த தட்டுக்கு இரண்டு வேளையும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

பிரித்தோம். நடுக்கம்பி இரண்டே துண்டு. சேர்த்து நிறுத்தி என் தையல் டேப்பால் அளந்தேன். நாலடிக்கு ஒரு விரல்கடை குறைவு. கிளைகள் தட்டையாக ஒட்டிக்கிடந்தன. ஒவ்வொரு நுனியையும் விரித்து வளைத்துவிட்டால்தான் மரம் அடர்த்தியாகத் தெரியும் என்று தெரியும், அதனால் மகளும் நானும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விரித்தோம். விரித்த பிறகும் நடுக்கம்பி வெளியே தெரிந்தது. மகள் நுனிகளை எண்ணினாள். 214. இரும்பு ஸ்டாண்டுக்குப் பதில் மூன்று பிளாஸ்டிக் கால், அதில் ஒன்று விரிசல். நூறு உருண்டைக்கு இருபத்தி நாலு, தொட்டால் சிவப்புச் சாயம் கையில் ஒட்டுகிறது. நட்சத்திரமே இல்லை.

சீரியல்தான் என்னைப் பயப்படுத்தியது. முதலில் விளக்கைச் சுற்றி, பிறகு பெரிய உருண்டைகளை உள்ளே தள்ளி, சின்னதை வெளியே தொங்கவிடுவதுதான் முறை, அதனால் விளக்கைத்தான் முதலில் எடுத்தேன். பிளக்கில் தட்டையான இரண்டு முள், நம் சுவர் பிளக்கில் சரியாக உட்காராது. அடாப்டர் வைத்துப் போட்டேன். பத்து நிமிடத்தில் அந்தச் சின்ன கன்ட்ரோல் பெட்டி தொட முடியாத சூடு, பிளாஸ்டிக் கருகும் வாடை. அடுத்த அடியில் மாமியின் கட்டில், மேலே கொசுவலை. ராத்திரி எரியவிட்டுத் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பணம் போனதைவிட இதற்குத்தான் எனக்கு அவர்கள் மேல் கோபம்.

அன்று இரவே படங்களோடு எழுதினேன். "நாளே நோக்காம் சேச்சி" (நாளைக்குப் பார்க்கலாம் அக்கா) என்று பதில் வந்தது. மறுநாள் பதில் இல்லை. அதற்கு மறுநாள், பெட்டி பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டார். பிள்ளைகளோடு ஆசையாகப் பிரிப்பவள் எதற்கு வீடியோ எடுப்பேன்? இல்லை என்றதும் பேச்சு மாறிவிட்டது. அதுவரை சேச்சி, அதற்குப் பிறகு மேடம். "ஏழடி வரை" என்றுதான் போட்டிருக்கிறோம் மேடம். விற்ற பொருள் திரும்ப எடுப்பதில்லை மேடம். கேஸ் கொடுக்க வேண்டுமானால் திருவனந்தபுரத்துக்கு வந்து கொடுங்கள் மேடம். என் 6,450 ரூபாயைத் திருப்பிக் கேட்டதற்கு இந்தப் பதில்.

குழித்துறை நீதிமன்றத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கும் அண்ணன் பக்கத்து வீட்டில் இருக்கிறார். அவர் சொல்லித்தான் தெரிந்தது. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். எனக்கு நாகர்கோவில் போதும், திருவனந்தபுரம் போக வேண்டியதில்லை. ஆன்லைனில் விற்பவர்கள் விளம்பரத்தில் காட்டிய மாதிரி பொருள் இல்லையென்றால் திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. இதை அப்படியே எழுதி அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது. குரல் மறுபடியும் சேச்சி! முழுப்பணமும் தருகிறோம், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய பின் எண்ணைப் போடுங்கள், 6,450 உங்கள் கணக்குக்கு வந்துவிடும் என்றார். நான் ஸ்கேன் செய்தும்விட்டேன். பின் போடப் போகும்போது அண்ணன் கையைப் பிடித்துவிட்டார். "பணம் வாங்குறதுக்கு எதுக்குப் பின்? அடிக்காதே தங்கச்சி, இன்னொரு ஆறாயிரமும் போகும்." நான் பின் போடவில்லை என்று தெரிந்ததும் பிளாக்.

நேற்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்திருக்கிறேன். முதல் நாளே 1930-க்கு அழைத்திருக்க வேண்டும், தாமதமானால் பணம் வேறு கணக்குக்குப் போய்விடும் என்றார்கள். நான் ஆறு நாள் "நாளே நோக்காம்" என்பதை நம்பி உட்கார்ந்திருந்தேன்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், மனசு ஓடவில்லை. இவ்வளவு மட்டும். முழுப்பணத்தை முன்கூட்டி அனுப்பாதீர்கள். பெட்டியை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். பணம் திரும்ப வர யாராவது பின் கேட்டால் போனை வையுங்கள். தெரியாத சீரியல் செட்டை ஆள் இல்லாமல் எரியவிடாதீர்கள். தோத்திரம் சொல்லிப் பேசுகிறார் என்பதற்காக நம்பாதீர்கள், நான் அதைத்தான் நம்பினேன்.

இதே குரலில் உங்களுக்கும் பதிவு வந்திருந்தால் அழிக்க வேண்டாம், அதையும் சேர்த்துப் புகார் கொடுங்கள். நான் பெட்டியையும் கொரியர் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தம்பி காற்றாடிக் கொம்பு கொண்டு வருகிறான், காய்ந்தால் இன்னொன்று வெட்டி வருவானாம். மகளின் பதினெட்டு நட்சத்திரமும் அதில்தான் தொங்கப்போகிறது. மரம் எப்போது வரும் என்று மாமி இப்போதும் கூப்பிட்டுக் கேட்கிறார், நாலடி மரத்தை அவரிடம் நான் இன்னும் காட்டவில்லை.