சாம்பல் ஈயும் ஐநேச்சுரலிஸ்ட் ஆப்பும்

பூச்சி, செடி, காளான் எதுவானாலும் படம் எடுத்துப் போட்டு, இது என்ன என்று கேட்கும் இடம்தான் ஐநேச்சுரலிஸ்ட். காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. 2008-ல் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர் முதுகலைப் படிப்புக்காகச் செய்த வேலை அது. இன்று லாப நோக்கில்லாத தனி அமைப்பாக நடக்கிறது. பறவை பார்ப்பவர்களும் பட்டாம்பூச்சி பார்ப்பவர்களும் இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் எழுதுவது ஈக்காக. ஈயைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு வேலை கனடாவில், நயாகரா பக்கம் ஒரு பசுமைக்குடிலில். வெளியே பனி கிடந்தாலும் உள்ளே ஆந்தூரியம், அலோகேசியா, மான்ஸ்டெரா என்று வெப்பமண்டலச் செடிகள்தான். போன குளிர்காலத்தில் இலைகளின் மேல் ஒரு சின்ன சாம்பல் ஈ உட்காரத் தொடங்கியது. நீளம் மூன்று மில்லிமீட்டர் இருக்கும். கால்கள் மஞ்சள். கைவண்டியின் பிடி, குழாய், தொட்டி விளிம்பு என்று எங்கே பார்த்தாலும் ஒன்று அசையாமல் உட்கார்ந்திருக்கும். புதிதாக ஏதோ பரவுகிறது, மருந்து அடித்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. எதுவென்று தெரியாமல் எதை அடிப்பது?

பசுமைக்குடிலில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு பொடிப் பூச்சிகள் நன்றாகவே தெரியும். ஒன்று ஃபங்கஸ் நேட். நீளமான கால், நீளமான உணர்கொம்பு, பார்க்கக் கொசு மாதிரி. ஈரமான தொட்டிக் கலவையில் முட்டையிடும், புழு இளம் வேரைத் தின்னும். இன்னொன்று ஷோர் ஃப்ளை. குட்டையான கருப்பு உடம்பு, புகை படிந்த இறக்கையில் வெளுத்த புள்ளிகள். பாசி பிடித்த இடத்தில் பெருகும். எங்கள் ஈ இரண்டிலும் சேரவில்லை.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் வேறொரு ஆப்பில் முதலில் போட்டேன். கண் இமைப்பதற்குள் வீட்டு ஈ என்று பதில் வந்தது. ஏன் என்று கேட்க அங்கே ஆள் கிடையாது.

ஐநேச்சுரலிஸ்ட்டிலும் படத்தைப் போட்டவுடன் கணினி சில பெயர்களைக் காட்டும். ஆனால் அது வெறும் தொடக்கம்தான். அப்புறம் மனிதர்கள் வருவார்கள். பெயர் சொல்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தைச் சொன்னால்தான் அந்தப் பதிவு ஆய்வுத்தரம், அதாவது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற குறி, பெறும். என் படத்தின் கீழே ஒருவர், பக்கவாட்டில் ஒரு படமும் இறக்கை நரம்பு தெரிகிற மாதிரி ஒரு படமும் கிடைக்குமா என்று கேட்டார். கூடவே இன்னொரு கேள்வி: "பறக்கிற பூச்சி எதையாவது இது பிடிப்பதைப் பார்த்தீர்களா?"

அந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமானதாகப் பட்டது. மறுநாள் ஒரு அலோகேசியா பக்கத்தில் நின்று பார்த்தேன். இலை நுனியில் இருந்த ஈ சட்டென்று எழும்பியது, நடுவானில் ஒரு ஃபங்கஸ் நேட்டைப் பிடித்தது, அதே இலைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது. எழுதிப் போட்டேன், புதுப் படங்களையும் சேர்த்தேன். பதில் உறுதியானது: சீனோசியா அட்டனுவாட்டா, வேட்டை ஈ.

வீட்டு ஈயின் குடும்பம்தான், ஆனால் இது கொன்று தின்னும் ஜாதி. 1903-ல் ஷ்டைன் என்பவர் பெயர் வைத்தது. மத்தியதரைக் கடல் பக்கத்து ஈ, செடிகளோடும் மண்ணோடும் பயணம் செய்து இப்போது பல நாட்டுப் பசுமைக்குடில்களில் வாழ்கிறது. வெள்ளை ஈ, ஃபங்கஸ் நேட், ஷோர் ஃப்ளை, இலை துளைப்பானின் ஈ எல்லாம் அதற்கு இரை. பறக்கிற இரையைத்தான் துரத்தும், வாயில் இருக்கும் கூரான பல்லால் குத்தி உறிஞ்சும். அதன் புழுவும் சும்மா இருப்பதில்லை, தொட்டிக் கலவைக்குள் ஃபங்கஸ் நேட் புழுக்களைத் தின்னும். நாங்கள் மருந்தடித்துக் கொல்ல இருந்தது, எங்களுக்குச் சம்பளம் வாங்காமல் வேலை செய்துகொண்டிருந்த ஒன்றை! மருந்தடிக்கும் யோசனையைக் கைவிட்டோம். பூச்சி பிடிக்கத் தொங்கவிடும் மஞ்சள் ஒட்டும் அட்டையில் இதுவும் சிக்கும் என்பதால், பூச்சி எண்ணிப் பார்க்கத் தேவையான அட்டைகளை மட்டும் விட்டு, நீளமாகக் கட்டியிருந்த ஒட்டும் நாடாக்களை எடுத்துவிட்டோம்.

ஈப் படம் போடுகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லவேண்டும். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, முகம் ஒன்று, இறக்கை ஒன்று, எல்லாவற்றையும் ஒரே பதிவில் போடுங்கள். பறந்துகொண்டே இருந்தால் சின்னக் குப்பியில் பிடித்துச் சில நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள், குளிரில் மந்தமாகிவிடும். எங்கே உட்கார்ந்தது, என்ன செய்தது என்று எழுதுங்கள். பல ஈக்களுக்கு ஆணின் பின்னுடம்பு உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இனம் சொல்ல முடியும், அதனால் பேரினத்தோடு பதில் நின்றால் மனம் தளர வேண்டாம். பூச்சிக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கப் பெரும்பாலும் அதுவே போதும். ஈக்களை அறிந்தவர்கள் உலகத்திலேயே குறைவு, பதில் வரச் சில நாள் பொறுக்கவும் வேண்டும்.

பசுமைக்குடில்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வளர்க்கப்பட்டது என்று குறிக்க ஒரு பெட்டி இருக்கிறது. நட்டு வைத்த செடியின் படம் என்றால் அதைக் குறிக்கவேண்டும். தானாக வந்து சேர்ந்த ஈக்கு வேண்டாம், அது கட்டடத்துக்குள் இருந்தாலும் காட்டு உயிர்தான். வேலை செய்யும் இடத்தைக் காட்ட முதலாளிக்கு விருப்பமில்லை என்றால் இடத்தை மங்கலாக்கும் வசதியைப் போடுங்கள். அப்போது மற்றவர்களுக்குச் சரியான புள்ளி தெரியாது, சுமார் 20 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கட்டம்தான் தெரியும்.

இதே ஆட்களின் சீக் என்ற ஆப்பும் இருக்கிறது. கணக்கு தொடங்க வேண்டாம், கேமராவைக் காட்டினாலே பெயர் சொல்லும், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதில் பதில் சொல்ல மனிதர்கள் இல்லை. தெரியாத ஈ என்றால் நேரே ஐநேச்சுரலிஸ்ட்டுக்கே போங்கள்.