சிரட்டையா போத்தலா, குருவித் தீனிக்கு எது நல்லம்?

லீவில பிள்ளையளோட சேர்ந்து குருவிக்குத் தீனி வைக்க ஏதும் செய்யப் போறீங்கள் எண்டா வீட்டில கிடக்கிற சாமானே காணும், தேங்காய்ச் சிரட்டை இல்லாட்டி வெறும் சோடாப் போத்தல்.

சின்னப் பிள்ளையளுக்கு நான் சிரட்டையைத்தான் சொல்லுவன். கண்ணுள்ள பாதியை எடுத்து அந்த மெல்லிய கண்ணைக் குத்தி விட்டா மழைத்தண்ணி வடியும், அதில கொஞ்சத் தும்பைச் செருகினா குறுணலரிசி கொட்டாது. விளிம்பில மூண்டு ஓட்டை மட்டும் பெரியாக்கள் போட்டுக் குடுங்கோ, கயிறு கோர்த்து முடிச்சுப் போடுறதெல்லாம் அதுகளே வடிவாச் செய்யுங்கள். வாழைப்பழம், பப்பாப்பழத் துண்டும் வைக்கலாம், கொண்டைக்குருவி தேடி வரும். ஆனா காகமும் அணிலும் கெதியாத் திண்டு தீர்த்திடும், மாரியில தீனி நனைஞ்சு பூஞ்சணம் பிடிக்கும், அதால பின்னேரம் மிச்சத்தைக் கொட்டிக் கழுவியே ஆகோணும்.

போத்தலில மரக்கரண்டியைக் குறுக்கால விட்டு, அகப்பைப் பக்க ஓட்டையைக் கொஞ்சம் பெரிசா வெட்டினா சாமை, தினை மெல்ல மெல்ல இறங்கும், சிட்டுக்குருவி கரண்டியில நிண்டு கொத்தும். நனையிறதும் குறைவு. பிளேட் வேலை எண்டபடியா பத்து வயசுக்கு மேல உள்ளதுகளுக்குத்தான் சரி, அதுவும் பெரியாக்கள் பக்கத்தில இருக்கோணும். வெயிலில பிளாஸ்டிக் நொறுங்கும், வேப்பமர நிழலில கட்டுங்கோ.

எதைக் கட்டினாலும் பூனை பாயேலாத உயரத்தில கட்டி, கிட்ட ஒரு மண்சட்டியில தண்ணியும் வையுங்கோ. உப்புப் போட்ட மிக்சர், பிஸ்கற் வேண்டவே வேண்டாம்.