டாம்கேட்டோடு எட்டு ஆண்டுகள்: ரீஸ்டார்ட்டுக்கு முன் ஒரு த்ரெட் டம்ப்

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருள் 2017 முதல் டாம்கேட்டில் (ஜாவா வெப் மென்பொருளை ஓட்டும் சர்வர்) ஓடுகிறது. ஆரம்பத்தில் 8.5 பதிப்பு, இப்போது 9. எட்டு ஆண்டு பழகியதில் டாம்கேட் தானாக விழுந்து நான் பார்த்ததில்லை. ஆனால் விழாமலே, பதில் சொல்லாமல் நின்றிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கடையிலிருந்து போன் வரும். "சார், பில் போட முடியல, சுத்திக்கிட்டே இருக்கு." சர்வருக்குள் போய்ப் பார்த்தால் புராசஸ் உயிரோடு இருக்கும். சிபியு சும்மா கிடக்கும், மெமரி தாராளமாக இருக்கும், லாகில் ஒரு எர்ரர்கூட இருக்காது. ரீஸ்டார்ட் செய்தால் அரை நிமிடத்தில் எல்லாம் சரி. சில சமயம் இரண்டே நாளில் மறுபடி வரும், சில சமயம் பத்து நாள் தலைகாட்டாது.

முதலில் கனெக்‌ஷன் பூலைப் பெரிதாக்கினோம். டேட்டாபேஸ் இணைப்புகளைத் தயாராக வைத்து, கேட்கும்போது கடன் கொடுத்துத் திரும்ப வாங்கும் தொகுப்பு அது. டாம்கேட்டோடு வரும் டிபிசிபி2 பூலில் நாமாக எண் கொடுக்காவிட்டால் அதிகபட்சம் 8 கனெக்‌ஷன்தான். அதை 50 ஆக்கியதும் தொல்லை ஒழிந்தது என்று நம்பிவிட்டோம். ஒழியவில்லை, சில நாளுக்கு ஒருமுறை வந்தது சில வாரத்துக்கு ஒருமுறை என்று ஆனது. கண்டுபிடிப்பது இன்னும் கடினமானது. அப்புறம் தினமும் அதிகாலை 2 மணிக்குத் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் வசதி) ஒரு வரி போட்டோம். நாங்கள் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான். ரீஸ்டார்ட் நோயோடு சேர்த்துத் தடயத்தையும் அழித்துவிடும்.

அந்தத் தீபாவளி வாரம் கிரானையும் மீறி மதியம் மூன்று மணிக்கு நின்றது. கவுண்டரில் கூட்டம். இந்த முறை "ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கோங்க" என்று கேட்டுக்கொண்டு, ரீஸ்டார்ட்டுக்கு முன் ஜேஸ்டாக் ஓட்டினேன். பத்து நொடி இடைவெளியில் மூன்று முறை. கோரிக்கைகளைக் கவனிக்கும் வேலையாட்கள்தான் த்ரெட்டுகள்; ஒவ்வொன்றும் அந்த நொடியில் கோடின் எந்த வரியில் நிற்கிறது என்று ஜேஸ்டாக் தரும் பட்டியல்தான் த்ரெட் டம்ப். டாம்கேட் எந்த யூசரில் ஓடுகிறதோ அதே யூசரில் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் ஜேஸ்டாக்கால் அந்த புராசஸோடு பேச முடியாது. ஜேடிகே (ஜேஸ்டாக் அடங்கிய ஜாவா கருவித்தொகுப்பு) இல்லாத சர்வர் என்றால் கில் -3 போதும். பெயர்தான் கில், புராசஸைக் கொல்லாது. டம்ப் டாம்கேட்டின் கேட்டலினா.அவுட் லாக் கோப்பில் விழும்.

மூன்று டம்ப்பிலும் ஒரே காட்சி. 8080 போர்ட்டுக்கான எக்செக் த்ரெட்டுகள் 1 முதல் 200 வரை, அதாவது டாம்கேட்டின் இயல்பு அளவு முழுவதும், வெயிட்டிங் நிலையில் ஒரே வரியில் நின்றிருந்தன: பூலிலிருந்து கனெக்‌ஷன் கடன் வாங்கும் 'பாரோ ஆப்ஜெக்ட்'. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதற்கு டிபிசிபி2-இன் இயல்பு மதிப்பு -1, அதாவது எல்லையே இல்லை. லாகில் ஏன் எர்ரர் வரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. யாருமே தோற்கவில்லை, எல்லோரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் ஷோ புராசஸ்லிஸ்ட் போட்டால் 50 கனெக்‌ஷனும் 'ஸ்லீப்'. டேட்டாபேஸுக்கு வேலையே இல்லை. எட்டு மணி நேரம் சும்மா கிடக்கும் கனெக்‌ஷனை மைஎஸ்க்யூஎல் தானே வெட்டிவிடும். ஆனாலும் பூல் தன் கணக்கில் அதைக் கடனாகவே வைத்திருக்கும், அதனால் ராத்திரி முழுக்கக் காத்திருந்தாலும் சரியாகாது.

ஓட்டை எங்கள் கோடில்தான் இருந்தது. சரக்கு எண்ணைத் தேடும் பகுதியில், எண் கிடைக்காவிட்டால் நடுவிலேயே ரிட்டர்ன் ஆகிவிடும். குளோஸ் செய்யும் வரி அதற்குக் கீழே இருந்தது. தப்பான எண் அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கனெக்‌ஷன் காணாமல் போகும். தீபாவளிக்குச் சேர்ந்த புதுப் பையன்கள் எண்ணைத் தப்பாக அடிப்பது சகஜம், அதனால் அந்த வாரம் 50-உம் ஒரே நாளில் தீர்ந்தது. கடைக்காரர்கள் முன்பே ஒரு துப்புக் கொடுத்திருந்தார்கள்: "லாகின் பக்கம் வருது சார், பாஸ்வேர்டு போட்டாத்தான் சுத்துது." லாகின் பக்கத்துக்கு டேட்டாபேஸ் வேண்டாம், பாஸ்வேர்டைச் சரிபார்க்கத்தான் அது வேண்டும். இருநூறு த்ரெட்டும் சிக்கிய பிறகுதான் லாகின் பக்கமும் நிற்கும். அதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் மாதக்கணக்கில் அலைந்திருக்க வேண்டாம்.

எல்லா இடத்திலும் ட்ரை-வித்-ரிசோர்சஸ் (எந்த வழியில் வெளியேறினாலும் தானாகக் குளோஸ் செய்யும் ஜாவா வசதி) போட்டோம். காத்திருப்பு எல்லையைப் பத்து நொடி ஆக்கி, பூலை 50-இலிருந்து 20-க்குக் குறைத்தோம். ஓட்டை இருந்தால் சீக்கிரம் தெரியட்டும் என்றுதான். பூல் அமைப்பில் ரிமூவ் அபாண்டண்ட் ஆன் பாரோ, லாக் அபாண்டண்ட் இரண்டையும் ஆன் செய்தால், கடன் வாங்கித் திருப்பித் தராத கோடு எந்த வரியில் இருக்கிறது என்று லாகிலேயே எழுதிவிடும். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அடுத்த வருடம் ஒரு தடவை எஸ்எம்எஸ் அனுப்பும் இடத்தில் சிக்கியது. ஜாவாவின் எச்டிடிபி யூஆர்எல் கனெக்‌ஷனுக்கு டைம்அவுட் கொடுக்காவிட்டால் அது முடிவே இல்லாமல் காத்திருக்கும். டம்ப்பில் அந்த த்ரெட்டுகள் 'ரன்னபிள்' என்று காட்டும், அதைப் பார்த்து வேலை நடக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. சாக்கெட்டைப் படிக்கும் வரியில் நிற்கிறதா என்று பாருங்கள். இந்த முறை டம்ப் எடுத்து இருபது நிமிடத்தில் ஆளைப் பிடித்துவிட்டோம்.

இப்போது டாம்கேட்டிலேயே இருக்கும் ஸ்டக் த்ரெட் டிடெக்‌ஷன் வால்வையும் போட்டிருக்கிறேன். ஒரு கோரிக்கை குறித்த நேரத்துக்கு மேல் நின்றால் அது லாகில் எச்சரிக்கை எழுதும். இயல்பாக 600 நொடி, நான் 60 வைத்திருக்கிறேன். கிரான் வரியை எடுத்தாயிற்று. கடைசியாக ரீஸ்டார்ட் செய்தது, டாம்கேட்டின் புதிய பதிப்பை ஏற்றுவதற்காக.