ஐவிஐ டிரைவரில் செக் கால்பேக்: நாமே எழுதினால் ரேஞ்ச் டேபிள் என்னவாகிறது?

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பெக்டரியில் டிரையரின் சூட்டை, சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் உணரி ஒன்றின் வழியே பதிவு செய்ய 34401ஏ மல்டிமீட்டரைப் பொருத்தியிருக்கும் நண்பர் ஒருவர், அதைக் கம்ப்யூட்டரிலிருந்து இயக்க ஐவிஐ டிரைவர் (அளவுக் கருவிகளுக்கான பொதுத் தர நிரல்) எழுதுகிறார். அவரின் கேள்வி இது: “டிரிகர் டிலேக்கு 3600 விநாடிதான் உச்சம் என்று ரேஞ்ச் டேபிளில் போட்டிருக்கிறேன். 5000 கொடுத்தாலும் டிரைவர் வாய் திறக்கவில்லை. ஏன்?”

டிரிகர் டிலே என்பது அளக்கச் சொன்ன பிறகு கருவி காத்திருக்கும் நேரம், ரேஞ்ச் டேபிள் என்பது ஒரு மதிப்புக்கு அனுமதித்த எல்லைகளின் பட்டியல். அந்த ஆட்டிரிபியூட்டுக்கு (டிரைவரில் நாம் மதிப்புக் கொடுக்கும் அமைப்புக்கு) அவரே ஒரு செக் கால்பேக், அதாவது வரும் மதிப்பு சரியா என்று பார்க்கும் நிரல்துண்டு எழுதியிருக்கிறார். காரணம் அவ்வளவுதான்.

நாம் எதுவும் எழுதாவிட்டால், டிரைவருக்கு அடியில் ஓடும் ஐவிஐ எஞ்சின் தன்னுடைய செக் கால்பேக்கை வைத்து, வரும் மதிப்பை டேபிளோடு ஒப்பிட்டு, எல்லை மீறியதைத் திருப்பி அனுப்பிவிடும். நம்முடையதைப் பதிவு செய்த நிமிடமே அது விலகிக்கொள்கிறது. நம்முடையது அதோடு சேர்வதில்லை, அதன் இடத்தில் உட்காருகிறது. டேபிள் கோப்பில் அப்படியே இருப்பதால் வாசிப்பவருக்குக் காவல் இருப்பது போலவே தெரியும். எத்தனை வருடம் பழகினாலும் இந்த ஓர் இடத்தில் எரிச்சல் தீராது. எச்சரிக்கையாக ஒரு வரிகூட வராது.

நண்பர் எழுதிய விதி நியாயமானது: நான்கு கம்பி முறையில் (கம்பியின் மின்தடை சேராமல் அளக்கும் முறையில்) நீளமான கேபிள் என்பதால் டிலே 0.05 விநாடிக்குக் குறையக்கூடாது. ஆனால் அந்த ஒற்றை ஒப்பீட்டால் இரண்டு கேடு. 5000 உள்ளே போய்விடுகிறது. கருவி -222 பிழையைத் தன் வரிசையில் போட்டுவிட்டுப் பழைய டிலேயிலேயே நிற்கிறது. ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் கருவியிடம் பிழை உண்டா என்று கேட்கும் ஸ்டேட்டஸ் விசாரணையை அணைத்து வைத்திருந்தால், கடைசியாகக் கொடுத்த மதிப்பை நினைவில் வைக்கும் டிரைவரின் கேஷில் 5000 பதிந்துவிடும், உண்மை தெரியாது. மற்றக் கேடு, ஐவிஐ மல்டிமீட்டர் வகுப்பில் தானியங்கி டிலேயின் மதிப்பு -1. அது 0.05ஐ விடச் சிறியது என்பதால் ஒழுங்கான அந்த மதிப்பு தள்ளப்படுகிறது.

சரிசெய்ய: கால்பேக்கின் முதல் வேலையாக, ரியல்64 (தசம எண்) வகைக்கான எஞ்சினின் டிஃபோல்ட் செக் கால்பேக்கை நாமே அழைக்க வேண்டும். அது பிழை தந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். அடுத்து -1, -2 (தானியங்கி டிலேயை அணைக்கும் மதிப்பு) இரண்டில் எது வந்தாலும் வெற்றி என்று திருப்புங்கள். அதற்குப் பிறகுதான் 0.05 விதி. டேபிளில் 0 முதல் 3600 வரை ஒரு வரியும், -1க்கும் -2க்கும் தனித்தனி வரியும் இருக்கட்டும்.

இன்னொன்று. செக் கால்பேக் ஓடுவது அந்த ஆட்டிரிபியூட்டுக்கு மதிப்புக் கொடுக்கும்போது மட்டும்தான். இரண்டு கம்பியில் 0.01 கொடுத்துவிட்டு நான்கு கம்பிக்கு மாறினால் 0.01 மறுபடி சோதிக்கப்படாது. ஒன்று மாறினால் மற்றதன் கேஷ் செல்லாது என்று குறிக்கும் இன்வாலிடேஷனைச் சேர்த்தாலும் கேஷ் அழியுமே தவிர சோதனை நடக்காது. ஆகவே முதலில் ஃபங்ஷன் (எதை, எந்த முறையில் அளப்பது என்பது), பிறகு டிலே.

மனம் நிறைய வைப்பது கோயர்ஸ் கால்பேக், கொடுத்த மதிப்பைக் கருவி ஏற்கும் மதிப்பாக மாற்றுவது. செக் முடிந்ததும் அது ஓடி, நாம் கேட்ட மதிப்பை அதைத் தாங்கும் அடுத்த ரேஞ்சுக்கு ஏற்றும்: 138 ஓம் கேட்டால் 1000 ஓம். அதனால் ஒப்பீடு சுத்தமாக நடந்து, தேவையில்லாத கட்டளை கருவிக்குப் போகாது. ஆனால் பிடி100 என்ற உணரியின் பெயரைப் பார்த்து 100 என்று கொடுத்தால் அது சட்டப்படி சரியான மதிப்பு, எந்தக் கால்பேக்கும் தடுக்காது. 100 ஓம் ரேஞ்ச் 120 ஓம் வரைதான் அளக்கும், அது சுமார் 52 பாகை. டிரையர் 100 பாகையை நெருங்கும்போது உணரி 138.5 ஓம் காட்டும், கருவியோ 9.9இ+37 என்று ஓவர்லோட் தரும். கேட்க வேண்டியது உணரியின் பெயரை அல்ல, உச்ச எதிர்பார்ப்பை.

கருவி இல்லாமலே டிரைவரை ஓட்டும் சிமுலேஷனில் செக்கும் கோயர்ஸும் ஓடும், மதிப்பைக் கருவிக்கு அனுப்பும் ரைட் கால்பேக் ஓடாது. கருவி பெக்டரியில் இருக்க, நுவரெலியாவில் உட்கார்ந்தே விதிகளைச் சோதித்துவிடலாம். இதற்காகவே இந்த முறையை விட மனம் வராது.

மலைநாட்டு மழைக்காலத்துக்கு ஒரு குறிப்பு. மரம் விழுந்து கரண்ட் போய் வந்தால் 34401ஏ டிசி வோல்ட், தானியங்கி ரேஞ்ச் என்று பிறந்த நிலைக்குப் போய்விடும். கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தால் கேஷ் பழைய கதையையே சொல்லும். 1000 ஓம் என்று மறுபடி கொடுத்தாலும், ஏற்கெனவே அதே மதிப்புத்தானே என்று ரைட் கால்பேக் அழைக்கப்படாது. செக் கால்பேக் எவ்வளவு நன்றாக எழுதினாலும் இதைப் பிடிக்காது. கருவியின் நிலையைக் கேட்கும் ஸ்டார் ஈஎஸ்ஆர் (*ESR?) கேள்வியின் விடையில் 128க்குரிய பிட் வந்தால் கருவி புதிதாக எழும்பியிருக்கிறது. உடனே எல்லா ஆட்டிரிபியூட்டையும் இன்வாலிடேட் செய்து, ஃபங்ஷன், ரேஞ்ச், டிலே என்ற வரிசையில் மீண்டும் கொடுங்கள். அந்தப் பிட் ஒருமுறை வாசித்ததும் அழிந்துவிடும், வேறு இடத்தில் வீணாக வாசித்துவிடாதீர்கள்.

இவ்வளவு நல்லது சொல்லியும், புதிதாகத் தொடங்கும் ஒருவருக்குச் செக் கால்பேக் எழுதச் சொல்ல மனம் இல்லை. டேபிளால் முடிவதை டேபிளிலேயே முடியுங்கள். எல்லை வேறொரு ஆட்டிரிபியூட்டைப் பொறுத்து மாறினால் சூழலுக்கேற்ற டேபிளைத் தேர்ந்து தரும் ரேஞ்ச் டேபிள் கால்பேக் எழுதுங்கள், ஏசி வோல்ட்டுக்கு 750, டிசிக்கு 1000 என்று டேபிளே மாறிக்கொள்ளும். நண்பரின் 0.05ஐயும் அங்கேயே வைக்கலாம்: நான்கு கம்பி என்றால் கீழ் எல்லை 0.05, மற்றதற்கு 0. அப்போது செக் கால்பேக்கே வேண்டாம்.